மலிவு மடிக்கணினியா, உயர்விலை மடிக்கணினியா? தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஐ5 பிராசசர், 16 ஜிபி ராம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), 512 ஜிபி எஸ்எஸ்டி (சேமிப்பகம்). இந்த மூன்று விவரங்களும் அப்படியே ஒத்திருக்கும் இரண்டு மடிக்கணினிகளில் ஒன்றின் விலை மற்றதைப் போல இரண்டு மடங்கு, சில வேளைகளில் இரண்டரை மடங்கு இருக்கும். வாங்க வந்தவர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். விலை குறைந்ததை எடுத்துவிட்டுப் பின்னால் வருந்த நேருமோ என்ற அச்சம் ஒரு பக்கம். கூடுதல் பணம் வெறும் பெயருக்கும் பளபளப்புக்கும் போய்விடுமோ என்ற ஐயம் மறுபக்கம். இரண்டுமே நியாயமானவை, ஏனெனில் அந்தக் கூடுதல் பணம் எதற்காக என்பதை விவரப் பட்டியல் பெரும்பாலும் சொல்வதில்லை. திரையின் வெளிச்சம், கீலின் உறுதி, விசைகளின் அழுத்தம், உள்ளே உண்டாகும் சூடு வெளியேறும் வழி, பேட்டரியின் கொள்ளளவு என்று பட்டியலில் கடைசி வரியில் இருப்பதும் பட்டியலிலேயே இல்லாததும்தான் விலையைத் தீர்மானிக்கின்றன.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே ஒரு கொள்கையை வைத்து நடக்கிறது. வாங்கிய பின் மாற்ற முடியாத உறுப்புகளுக்குப் பணத்தைச் செலவிட வேண்டும். பின்னால் மாற்றிக்கொள்ள முடிந்தவற்றில் சிக்கனம் பிடிக்கலாம். எந்த உறுப்பு எந்த வகையில் சேரும் என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும் என்பதால், அதைக் கண்டறியும் முறையைப் படிப்படியாகக் கீழே விளக்கியிருக்கிறேன்.

முதல் படி: தேவையை அளந்து பாருங்கள்

"சும்மா நெட் பார்க்கத்தான்" என்று சொல்பவரின் பிரவுசரில் நாற்பது டேப்கள் திறந்திருப்பதும், "எல்லா வேலையும் செய்வேன்" என்று சொல்பவர் மாதம் முழுவதும் ஒரு ஆவணத்தை மட்டும் திருத்திக்கொண்டிருப்பதும் வழக்கமான காட்சிகள். ஆகவே தேவையை ஊகிக்காமல் அளந்துவிடுவது நல்லது. இப்போது ஒரு கணினி கைவசம் இருந்தால், வேலை மும்முரமாக நடக்கும் நேரத்தில் விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பிராசசரும் மெமரியும் (அதாவது ராமும்) எவ்வளவு பயன்பாட்டில் உள்ளன என்று பாருங்கள். மேக் கணினியில் ஆக்டிவிட்டி மானிட்டரில் மெமரி பிரஷர் என்ற வரைபடம் பச்சையாக இருக்கிறதா, மஞ்சளுக்கோ சிவப்புக்கோ போகிறதா என்று கவனியுங்கள்.

பலருக்கு வியப்பளிக்கும் முடிவு ஒன்று இதில் கிடைக்கும். கணினி திணறும் நேரத்திலும் பிராசசர் இருபது விழுக்காட்டைத் தாண்டாமல் இருக்கும். மெமரியோ தொண்ணூறைத் தொட்டு நிற்கும். இப்படிப்பட்டவருக்கு விலை உயர்ந்த பிராசசர் தேவையே இல்லை, 8 ஜிபிக்குப் பதில் 16 ஜிபி ராம் இருந்தால் போதும். இதற்கு மாறாக, வீடியோ எடிட்டிங், பெரிய நிரல்களைத் தொகுத்தல், முப்பரிமாண வடிவமைப்பு போன்ற வேலைகளில் பிராசசரோ கிராபிக்ஸ் சில்லோ நூறு விழுக்காட்டில் நிமிடக்கணக்கில் நிற்கும். அங்கேதான் கூடுதல் விலை நேரமாகத் திரும்பி வரும்.

வேலையோடு இடத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். மடிக்கணினி மேசையை விட்டு நகராமல் வெளித் திரையோடும் வெளி விசைப்பலகையோடும் இணைந்தே இருக்கப் போகிறது என்றால், உயர்விலை மாடலின் சிறந்த திரைக்கும் இலகுவான உடலுக்கும் நீங்கள் கொடுக்கும் பணம் மூடிய மூடிக்குள் கிடக்கும். தினமும் பையில் சுமந்து, கிடைத்த இடத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவரின் கணக்கு நேர் எதிரானது.

கட்டாயமாகப் பயன்படுத்த வேண்டிய மென்பொருள் எது என்பதையும் இப்போதே உறுதி செய்துகொள்ள வேண்டும். சில கணக்கியல், பொறியியல் மென்பொருள்கள் விண்டோஸில் மட்டுமே இயங்கும். ஸ்நாப்டிராகன் போன்ற ஆர்ம் வகைப் பிராசசர் கொண்ட விண்டோஸ் கணினிகளில் பழைய செயலிகள் பலவும் மாற்று முறையில் ஓடிவிடும் என்றாலும், பிரிண்டர், ஸ்கேனர் முதலிய கருவிகளுக்கான டிரைவர்கள் அந்த வகைக்கென்றே எழுதப்பட்டிருந்தால்தான் வேலை செய்யும்.

இரண்டாம் படி: ஆண்டுக் கணக்கு

"விலை அதிகம்தான், ஆனால் இரண்டு மடங்கு காலம் உழைக்கும், ஆகவே உண்மையில் இதுதான் மலிவு" என்ற வாதத்தைக் கேட்காதவர் இருக்க முடியாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது பல நேரம் நிற்பதில்லை. உயர்விலை மாடல் இரண்டரை மடங்கு விலை என்றும், மலிவு மாடல் மூன்று ஆண்டுகள் உழைக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுச் செலவு சமமாக வேண்டுமானால் உயர்விலை மாடல் ஏழரை ஆண்டுகள் உழைக்க வேண்டும். அது ஆறே ஆண்டுகள் உழைத்தால், அதே காலத்தில் மலிவு மாடலை இரண்டு முறை வாங்கியவர் குறைவாகவே செலவழித்திருப்பார். நான்காம் ஆண்டிலிருந்து அவர் கையில் இருப்பது புதிய கணினியாகவும் இருக்கும்.

எனவே, சிக்கனத்தைக் காரணம் காட்டி உயர்விலை மாடலை வாங்குவது பெரும்பாலும் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொள்வதுதான். அதை வாங்க வேறொரு நல்ல காரணம் உண்டு: அதன் முன் நீங்கள் உட்காரப் போகும் நேரம். நாளுக்கு எட்டு மணி நேரம் அதே திரையைப் பார்த்து, அதே விசைகளைத் தட்டி வாழ்பவருக்கு, விலை வித்தியாசத்தை மணிக்கணக்கில் வகுத்தால் கிடைக்கும் தொகை மிகச் சிறியது. வாரத்துக்கு நான்கு மணி நேரம் பயன்படுத்துபவருக்கு அதே வகுத்தல் வேறு விடை தரும்.

ஆயுளைக் கணக்கிடும்போது உடலின் ஆயுளோடு மென்பொருளின் ஆயுளையும் சேர்க்க வேண்டும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் தேவை. அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த விலையுயர்ந்த பழைய கணினிகள் பல ஓரங்கட்டப்பட்டன. கூகுளின் குரோம் ஓஎஸில் ஓடும் குரோம்புக்குகளில் 2021 முதல் வெளியான தளங்களுக்கு (மாடல்களுக்கு அடிப்படையான வன்பொருள் வடிவங்களுக்கு) பத்து ஆண்டுகள் தானியங்கிப் புதுப்பிப்பு உண்டு, ஆனால் அந்தப் பத்து ஆண்டுகள் தளம் வெளியான நாளிலிருந்து எண்ணப்படுகின்றனவே தவிர நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. எந்த வகையானாலும், மாடல் எப்போது வெளிவந்தது என்று பார்த்து, கடந்துபோன ஆண்டுகளைக் கழித்துவிடுங்கள்.

மூன்றாம் படி: மாற்ற முடிந்ததையும் முடியாததையும் பிரித்தெடுங்கள்

ஒரு மடிக்கணினியின் திரை, உடல், கீல், விசைப்பலகை, பிராசசர், மதர்போர்டு ஆகியவை வாங்கியபடியேதான் கடைசி வரை இருக்கும். உடைந்தால் மாற்றலாம் என்றாலும், சிறந்ததாக மாற்றுவது அநேகமாக நடக்காத காரியம். எஸ்எஸ்டி, பேட்டரி, சில மாடல்களில் ராம், வைஃபை அட்டை ஆகியவை மாற்றத்தக்கவை. இந்த இரண்டாம் வகையில்தான் ஒரு வேடிக்கை இருக்கிறது: விலை ஏற ஏற மாற்றும் வசதி குறைந்துகொண்டே போகிறது. மெல்லிய உயர்விலை மாடல்களில் ராம் மதர்போர்டில் பற்றவைக்கப்பட்டிருக்கும். ஆப்பிளின் எம் வரிசைக் கணினிகளிலும், இன்டெல் 2024இல் வெளியிட்ட கோர் அல்ட்ரா 200வி வரிசையிலும் ராம் பிராசசரின் பொதிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. மலிவு மாடல்களிலோ, குறைந்தது ஒரு ராம் ஸ்லாட்டும் திருகைக் கழற்றி மாற்றக்கூடிய எம்.2 எஸ்எஸ்டியும் இருப்பது சாதாரணம்.

இதிலிருந்து வாங்கும் முறையே மாறிவிடுகிறது. ஸ்லாட் உள்ள மலிவு மாடலை 8 ஜிபியோடு வாங்கி, தேவை வந்தபின் கூடுதல் ராம் போடலாம். பற்றவைத்த ராம் கொண்ட மாடலை வாங்குகிறீர்கள் என்றால், ஐந்தாம் ஆண்டில் எவ்வளவு வேண்டுமோ அதை முதல் நாளே வாங்கிவிட வேண்டும். ஆப்பிள் நிறுவனம் 2024 அக்டோபரில் தன் மேக்புக் ஏர் கணினிகளின் தொடக்க அளவை 8 ஜிபியிலிருந்து 16 ஜிபியாக உயர்த்தியதை இங்கே ஓர் அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். இன்று பற்றவைத்த 8 ஜிபி ராமோடு வரும் எந்தப் புதிய மாடலையும், அதன் விலை எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், நீண்ட காலப் பயன்பாட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ராமின் அளவு மட்டுமன்றி, அது ஒற்றைத் தடத்தில் ஓடுகிறதா இரட்டைத் தடத்தில் ஓடுகிறதா என்பதும் முக்கியம். மலிவு மாடல்களில் ஒரே ஒரு ராம் பட்டை போட்டு ஒரு தடத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். தனி கிராபிக்ஸ் சில்லு இல்லாத கணினியில் திரையில் தெரியும் அனைத்தும் இதே ராமைத்தான் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதால், தடம் பாதியானால் கிராபிக்ஸ் வேகமும் வெகுவாகக் குறையும். இன்டெல்லின் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் கொண்ட பிராசசர்களில், ஒற்றைத் தட ராம் இருந்தால் அந்தப் பெயரே வராமல் வெறும் யுஎச்டி கிராபிக்ஸ் என்றுதான் கணினி காட்டும். காலி ஸ்லாட்டில் இன்னொரு பட்டையைப் போட்டவுடன் பெயரும் மாறும், வேகமும் கூடும். குறைந்த செலவில் இவ்வளவு பலன் தரும் மேம்பாடு மடிக்கணினியில் வேறு எதுவும் இல்லை என்றே சொல்லலாம்.

சேமிப்பகத்தில் ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: மதர்போர்டில் பற்றவைத்த இஎம்எம்சி என்னும் மெதுவான சேமிப்புச் சில்லு. அதன் உச்ச வேகம் கோட்பாட்டளவில் வினாடிக்கு 400 எம்பி. சாதாரண மூன்றாம் தலைமுறை என்விஎம்இ எஸ்எஸ்டியில் அது 3,500 எம்பி வரை போகும். உயர்விலை என்பதால் மட்டும் வேகம் உறுதியாகிவிடாது என்பதற்கும் சான்று உண்டு. எம்2 மேக்புக் ஏரின் 256 ஜிபி வகையில் இரண்டு சில்லுகளுக்குப் பதில் ஒரே நினைவகச் சில்லு வைக்கப்பட்டதால், அதன் சேமிப்பகம் முந்தைய எம்1 மாடலைவிட மெதுவாக இருந்தது.

மாற்றும் வசதி பற்றிய தகவலைத் தேட எளிய வழி, மாடலின் முழுப் பெயரோடு "பராமரிப்புக் கையேடு" என்று ஆங்கிலத்தில் தேடுவது. லெனோவோ, டெல், ஹெச்பி ஆகியவை தம் மாடல்கள் பலவற்றுக்கும் படங்களோடு கூடிய கழற்றும் கையேடுகளை இலவசமாக வெளியிடுகின்றன. ராம் ஸ்லாட் எத்தனை, பேட்டரி திருகில் பிடிக்கப்பட்டதா பசையில் ஒட்டப்பட்டதா என்பதெல்லாம் அதில் தெளிவாகத் தெரியும்.

நான்காம் படி: கண்ணும் கையும் தொடும் இடங்கள்

விலை வித்தியாசம் அதன் முழு நியாயத்தோடு வெளிப்படும் இடம் இதுதான், அதனால் இங்கே சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும்.

திரையில் முதலில் பார்க்க வேண்டியது வெளிச்சம். மலிவு மாடல்களில் 250 நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்பது வழக்கமான அளவு. அறைக்குள் போதும், சன்னலருகே உட்கார்ந்தால் போதாது. 300 நிட்ஸ் ஏற்கத்தக்கது, 400 நிட்ஸும் அதற்கு மேலும் என்றால் வெளிச்சமான இடத்திலும் தயங்காமல் வேலை பார்க்கலாம். அடுத்தது நிறம். விவரப் பட்டியலில் "45 விழுக்காடு என்டிஎஸ்சி" என்று இருந்தால், இணையத்திலும் புகைப்படங்களிலும் பயன்படும் எஸ்ஆர்ஜிபி நிறங்களில் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டுக்குச் சற்று மேல்தான் அந்தத் திரையால் காட்ட முடியும் என்று பொருள். பழுத்த தக்காளியின் படத்தை இப்படிப்பட்ட திரையில் திறந்தால் சிவப்பு வெளிறி, செங்கல் நிறத்துக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் நிற்கும்; அதே படத்தை நூறு விழுக்காடு எஸ்ஆர்ஜிபி திரையில் பார்த்தால்தான் முதல் திரை எவ்வளவு மழுப்பியது என்று புரியும். எழுத்து வேலை மட்டும் செய்பவருக்கு இது பெரிய குறையல்ல. படங்களைத் திருத்தி அச்சுக்கோ விற்பனைக்கோ அனுப்புபவர் இந்தத் திரையை நம்பி நிறத்தைக் கூட்டினால், மற்றவர்களின் திரையில் அது கண்ணைப் பறிக்கும் அளவுக்குத் தூக்கலாகத் தெரியும்.

தெளிவுத்திறனைப் பொறுத்தவரை, 15.6 அங்குலத் திரையில் 1366×768 என்ற அளவு அங்குலத்துக்கு 100 புள்ளிகளே தருகிறது. 1920×1080 என்றால் 141 புள்ளிகள். தமிழ் எழுத்துகளின் சுழிகளும் வளைவுகளும் சிறிய அளவில் கலங்காமல் தெரிய வேண்டுமானால் இரண்டாவதற்குக் கீழே இறங்கக் கூடாது. உயர்விலை மாடல்களில் பரவலாக உள்ள 16:10 விகிதத் திரை, பழைய 16:9ஐவிட உயரம் கூடியது என்பதால் ஆவணத்தின் சில வரிகள் கூடுதலாகத் தெரியும். ஓஎல்இடி திரைகள் கறுப்பைக் கறுப்பாகவே காட்டும் அழகு மறுக்க முடியாதது. எனினும் வெளிச்சத்தைக் குறைக்கும்போது அவற்றில் பல, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிவதன் மூலமே மங்கலைக் காட்டுகின்றன. சிலருக்கு அதனால் கண் வலியும் தலைவலியும் வருவதுண்டு. அப்படி உணர்பவர் வாங்கும் முன் அரை மணி நேரமாவது குறைந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

விசைப்பலகையைச் சோதிக்க, நடுவில் உள்ள விசைகளின் மேல் இரண்டு விரலால் சற்று அழுத்துங்கள். பலகை முழுவதும் உள்ளே குழிந்தால், வேகமாகத் தட்டச்சு செய்யும்போது ஒவ்வொரு தட்டலும் மெத்தையில் விழுவது போலிருக்கும். டச்பேடின் மேல் ஓரத்தைக் கிளிக் செய்து பாருங்கள். மலிவு மாடல்களில் கீழ்ப்பகுதி மட்டுமே அழுந்தும்.

கீலுக்குத் தனியாக ஒரு பத்தி வேண்டும், ஏனெனில் மலிவு மடிக்கணினி மின்னணுக் கோளாறால் இறப்பதைவிடக் கீல் உடைந்து முடங்குவதே கண்ணில் அதிகம் படுகிறது. உள்ளே நடப்பது இதுதான். கீலின் உலோகக் கை, பிளாஸ்டிக் உடலில் பதித்த சிறு பித்தளை மரைகளில் திருகி வைக்கப்பட்டிருக்கும். நாளடைவில் கீல் இறுகும்போது, மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இழுவை முழுவதும் பித்தளை மரைகளின் மேல் விழும். ஒரு கட்டத்தில் பிளாஸ்டிக் பிளந்து மரைகள் பிடுங்கிக்கொண்டு வர, மூலையில் மேல்மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே ஒரு விரிசல் தெரியும். அதற்குப் பின்னும் திறந்து மூடினால் திரைக்குப் போகும் கேபிளும் அறுந்துவிடும். உயர்விலை மாடல்களில் கீல் நேரடியாக உலோகச் சட்டத்தில் பிடிக்கப்பட்டிருப்பதால் இந்தச் சிக்கல் அரிது. மலிவு மாடலே வாங்குபவர், மூடியை ஒரு மூலையைப் பிடித்துத் தூக்காமல் எப்போதும் நடுவில் பிடித்துத் திறக்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டாலே அதன் ஆயுளைக் கணிசமாக நீட்டிக்கலாம்.

உலோக உடல் என்றாலே உறுதி என்று நினைத்துவிடவும் வேண்டாம். மெல்லிய அலுமினியத் தகடு விழுந்தால் நெளியும். திங்க்பேட் போன்ற அலுவலக வரிசைகளில் கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக் அதைவிட நன்றாகத் தாங்குவதுண்டு. "ராணுவத் தரம் 810எச்" என்ற வாசகத்துக்கும் அதிக மதிப்புக் கொடுக்கத் தேவையில்லை. அதற்கென்று சான்றளிக்கும் பொது அமைப்பு எதுவும் கிடையாது. எந்தச் சோதனைகளைச் செய்வது என்பதை உற்பத்தியாளரே தேர்ந்துகொள்கிறார்.

ஐந்தாம் படி: பிராசசரின் பெயரைப் படிக்கும் முறை

ஐ3, ஐ5, ஐ7 என்றோ ரைசன் 3, 5, 7 என்றோ இருக்கும் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுப்பது ஆபத்து. ஏஎம்டியின் 7000 வரிசை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு, ரைசன் 5 7540யு ஆகிய மூன்றும் ஒரே குடும்பம் போலத் தோன்றும். உண்மையில் முதலாவது, ஜென் 2 என்னும் பழைய வடிவமைப்பில் நான்கு கோர்கள் (பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள்) கொண்டது. இரண்டாவது ஜென் 3 வடிவமைப்பில் ஆறு கோர்கள் கொண்டது. மூன்றாவது ஜென் 4. அந்த எண்ணில் மூன்றாம் இலக்கமே வடிவமைப்பின் தலைமுறையைச் சொல்கிறது, முதல் இலக்கம் விற்பனை ஆண்டை மட்டுமே குறிக்கிறது. அதனால் 7530யு கொண்ட மலிவு மாடல், 7520யு கொண்ட சற்றே விலை கூடிய மாடலைவிடத் தெளிவாக மேலானது. இன்டெல் என்100 போன்ற 6 வாட் சில்லுகள் பாடம் படிக்க, காணொளி பார்க்க, கடிதம் எழுதப் போதும். அதற்கு மேல் எதிர்பார்த்தால் ஏமாற்றம் நிச்சயம்.

பெயருக்கு அடுத்து வருவது சூடு. ஒரே பிராசசர் ஒரு மடிக்கணினியில் தொடர்ந்து 28 வாட் மின்சாரத்தில் ஓடும், இன்னொன்றில் 15 வாட்டுக்கு மேல் போனால் சூடேறித் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும். மிக மெல்லிய உயர்விலை மாடலில் உள்ள ஐ7, தடிமனான சாதாரண மாடலில் உள்ள ஐ5இடம் நீண்ட வேலையில் தோற்பது இதனால்தான். தனி கிராபிக்ஸ் சில்லுகளில் இந்த வேறுபாடு இன்னும் பெரிது: மடிக்கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4060, 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் பொருத்தப்படலாம், பெட்டியின் மேல் இருக்கும் பெயர் மாறாது. எனவே விளையாட்டுக்கோ வீடியோ வேலைக்கோ வாங்குபவர், சில்லின் பெயரை விட்டுவிட்டு, அந்தக் குறிப்பிட்ட மாடலை அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிச் சோதித்த மதிப்புரைகளைத்தான் தேட வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு முத்திரைகளுக்காகக் கூடுதல் விலை கொடுக்க இப்போதைக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. ஆனாலும் "கோபைலட் பிளஸ் பிசி" என்ற பெயர் ஒரு வகையில் உதவும்: குறைந்தது 16 ஜிபி ராமும் 256 ஜிபி சேமிப்பகமும் இல்லாத கணினிக்கு மைக்ரோசாஃப்ட் அந்தப் பெயரைத் தருவதில்லை.

ஆறாம் படி: பேட்டரி, சார்ஜர், துளைகள்

"18 மணி நேரம் நிற்கும்" என்ற விளம்பரத்தை ஒதுக்கிவிட்டு, பேட்டரியின் வாட்-மணி அளவைத் தேடுங்கள். சாதாரண அலுவலக வேலையில் கணினி சராசரியாக 7 வாட் செலவழித்தால், 42 வாட்-மணி பேட்டரி ஆறு மணி நேரமும் 70 வாட்-மணி பேட்டரி பத்து மணி நேரமும் தரும். விமானத்தில் சிறப்பு அனுமதியின்றிக் கொண்டுசெல்ல உள்ள வரம்பு 100 வாட்-மணி. பெரிய மடிக்கணினிகளின் பேட்டரி 99 வாட்-மணியில் வந்து நிற்பதற்கு அதுவே காரணம்.

யுஎஸ்பி-சி துளை இருக்கிறது என்பதால் அதில் சார்ஜ் ஏறும் என்று கொள்ளக் கூடாது. மலிவு மாடல்களில் அது தகவல் பரிமாற்றத்துக்கு மட்டும் இருக்கலாம். சார்ஜும் வெளித் திரை இணைப்பும் அதில் உண்டா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். வைஃபை 6 இருந்தால் போதும். காணொளிக் கூட்டங்களில் பேசுபவர் கேமரா 1080பி தானா என்று பார்க்கலாம்.

ஏழாம் படி: மூன்றாவது வழியையும் பாருங்கள்

மலிவு, உயர்விலை என்ற இரண்டுக்கும் நடுவில் பலர் கவனிக்காத பாதை ஒன்று உண்டு. திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் போன்ற அலுவலக வரிசைகளை நிறுவனங்கள் மொத்தமாக எடுத்து, மூன்று நான்கு ஆண்டுகளில் மாற்றிவிடுகின்றன. அவை சோதித்துச் சீரமைக்கப்பட்டு மறுவிற்பனைக்கு வரும்போது, புதிய மலிவு மாடலின் விலைக்கே உறுதியான உடலும் நல்ல விசைப்பலகையும் கிடைக்கும். வாங்கும் முன் பேட்டரியின் எஞ்சிய கொள்ளளவு, பிராசசர் விண்டோஸ் 11 பட்டியலில் உள்ளதா, பழைய நிறுவனத்தின் நிர்வாகப் பூட்டோ கணினி தொடங்கும்போதே கேட்கும் பயாஸ் கடவுச்சொல்லோ நீக்கப்பட்டதா ஆகிய மூன்றையும் பார்த்துவிட வேண்டும். கடைசியாகச் சொன்னதை அலட்சியம் செய்தால், எவ்வளவு நல்ல இயந்திரமும் ஒருநாள் உள்ளே விடாமல் கதவைச் சாத்திவிடும்.

புதியதே வேண்டும் என்பவர், புதிய தலைமுறை வெளியான பின் விலை இறங்கும் சென்ற ஆண்டு உயர்விலை மாடலைப் பார்க்கலாம். ஒரே ஆண்டு இடைவெளியில் பிராசசரில் உண்டாகும் முன்னேற்றம் பெரும்பாலும் உணர முடியாத அளவே. திரையும் உடலும் அதேதான்.

எட்டாம் படி: யாருக்கு எது

பாடம் படிக்கவும் ஆவணம் எழுதவும் வாங்கும் மாணவருக்கு, ராம் ஸ்லாட் உள்ள நல்ல மலிவு மாடல் போதும். பையில் உருண்டு புரளும் கணினிக்கு அதிக விலை கொடுப்பது கவலையைத்தான் கூட்டும். வீட்டில் எல்லோரும் பொதுவாகப் பயன்படுத்தும் கணினிக்கும் இதே விடைதான். நாள் முழுவதும் எழுதி, நிரலெழுதி, மொழிபெயர்த்துப் பிழைப்பவர் திரைக்கும் விசைப்பலகைக்கும் தயங்காமல் செலவிடலாம், ஆனால் அவருக்கும் ஐ7 தேவைப்படுவது அரிது. நிறத்தோடு வேலை செய்பவருக்கும் அடிக்கடி பயணம் செய்பவருக்கும் உயர்விலை மாடல் தன் விலைக்கு உழைக்கும். விளையாட்டுக்காக வாங்குபவர் அழகான மெல்லிய மாடலைத் தவிர்த்து, காற்று நன்றாகப் போகும் தடித்த மாடலை எடுப்பது மேல்.

இரண்டுக்கும் நடுவில் இன்னும் ஊசலாடுபவர், நிறுவனத்தின் பெயரை வைத்து முடிவெடுக்க முயலக் கூடாது. அசூஸின் விவோபுக்கும் ஜென்புக்கும், லெனோவோவின் ஐடியாபேடும் திங்க்பேடும் ஒரே பெயரின் கீழ் வருகின்றன. அவற்றுக்கிடையே உள்ள தூரம் இரண்டு நிறுவனங்களுக்கிடையே உள்ளதைவிட அதிகம்.

ஒன்பதாம் படி: வாங்கிய முதல் வாரம்

திருப்பித் தரக் கிடைக்கும் காலம் முழுவதையும் சோதனைக்குப் பயன்படுத்துங்கள். இருட்டறையில் முழுக் கறுப்புப் படத்தைத் திறந்து ஓரங்களில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலப் படங்களில் இறந்த புள்ளிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொரு விசையையும் ஒவ்வொரு துளையையும் ஒருமுறையாவது பயன்படுத்துங்கள். உங்கள் வழக்கமான வேலையை ஒரு மணி நேரம் தொடர்ந்து செய்து, ஃபேன் ஓசையும் கை வைக்கும் இடத்தின் சூடும் பொறுக்கத்தக்கவையா என்று கவனியுங்கள். டாஸ்க் மேனேஜரில் ராமின் அளவும் எத்தனை ஸ்லாட் நிரம்பியுள்ளது என்பதும், பெட்டியில் எழுதியிருப்பதோடு பொருந்துகின்றனவா என்று சரிபாருங்கள். பேட்டரி அமைப்பில் 80 விழுக்காட்டோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால், மேசையிலேயே பயன்படுத்துபவர் அதை முதல் நாளே இயக்கிவிடலாம். அந்தக் காலம் முடியும் வரை அட்டைப்பெட்டியையும் உள்ளே வந்த பொதிகளையும் எறியாமல் வைத்திருங்கள், மேல்மூடியில் எந்த ஒட்டியையும் ஒட்டாதீர்கள், கூடுதல் ராம் போடுவதாக இருந்தால் அதையும் அதற்குப் பிறகே செய்யுங்கள்.